பைத்தான் டிக்‌ஷனரியை வரிசைப்படுத்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பைத்தான் கற்கிறவர்கள் டிக்‌ஷனரி வரைக்கும் சிரமமில்லாமல் வந்துவிடுகிறார்கள். பெயரைக் கொடுத்தால் மதிப்பு வருகிறது, அவ்வளவுதான். "இதையே அதிகம் விற்றது மேலே வருகிற மாதிரி அடுக்கிக் காட்டு" என்று யாராவது கேட்கும்போதுதான் கை நிற்கிறது. அந்த இடத்தில் எனக்கு வந்த சந்தேகங்களையும், சொல்லிக்கொடுக்கும்போது என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

கட்டளைகளின் பெயர்களை வாயால் சொல்கிறபடியே தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். சார்ட்டட், ஐட்டம்ஸ், லாம்டா போன்றவற்றைக் கணினியில் தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். மாறிகளின் பெயர்களை மட்டும் தமிழிலேயே வைக்கலாம், பைத்தான் 3 ஏற்றுக்கொள்ளும்.

எல்லாக் கேள்விக்கும் ஒரே எடுத்துக்காட்டுதான்: ஒரு மெஸ்ஸின் காலை விற்பனை. "விற்பனை" என்ற டிக்‌ஷனரியில் இந்த வரிசையில் ஐந்து பதிவுகள்: இட்லி 212, தோசை 148, பொங்கல் 64, வடை 148, பூரி 37.

டிக்‌ஷனரியை வரிசைப்படுத்த முடியுமா, முடியாதா?

டிக்‌ஷனரிக்கென்று சார்ட் என்ற கட்டளை கிடையாது. லிஸ்ட்டுக்கு உண்டு, டிக்‌ஷனரிக்கு இல்லை. அதை ஒரு குறையாக நினைக்க வேண்டாம். டிக்‌ஷனரியின் வேலை தேடிக் கொடுப்பது. "வடை எத்தனை?" என்றால் உடனே 148 என்று சொல்ல வேண்டும். வரிசை என்பது பார்க்கிறவருக்கு வேண்டியது, அதுவும் ஆளுக்கு ஆள் மாறும். முதலாளிக்கு அதிகம் விற்றது மேலே வர வேண்டும், சரக்கு வாங்குகிறவருக்குப் பெயர் வரிசை வேண்டும். ஒரே டிக்‌ஷனரி இரண்டு பேருக்கும் இரண்டு விதமாக அடுக்கப்பட்டு நிற்க முடியாது.

அதனால் டிக்‌ஷனரியைத் தொடாதீர்கள். அதிலிருந்து ஜோடிகளை எடுங்கள், அந்த ஜோடிகளை அடுக்குங்கள். ஜோடிகளைக் கொடுப்பது ஐட்டம்ஸ், அடுக்குவது சார்ட்டட், எதை வைத்து அடுக்குவது என்று சொல்வது "கீ" என்ற ஆர்குமென்ட். இந்த மூன்றும் கைக்கு வந்துவிட்டால் இந்தப் பக்கத்தில் பாதியை நீங்களே எழுதிவிடலாம்.

சார்ட்டட்(விற்பனை) என்று கொடுத்தேன், பெயர்கள் மட்டும் வந்தன. எண்கள் எங்கே போயின?

எங்கும் போகவில்லை. டிக்‌ஷனரியை லூப்பில் ஓட்டினால் கீகள், அதாவது நம் பண்டப் பெயர்கள், மட்டும்தான் வரும். சார்ட்டட்டும் உள்ளே அப்படித்தான் ஓட்டுகிறது. ஜோடியாக வேண்டுமென்றால் சார்ட்டட்(விற்பனை.ஐட்டம்ஸ்()) என்று கேளுங்கள். ஒவ்வொரு ஜோடியும் ஒரு டூப்பிள். முதல் இடத்தில், அதாவது 0-ல், பெயர், 1-ல் எண்ணிக்கை. வேறெதுவும் சொல்லாவிட்டால் டூப்பிளின் முதல் உறுப்பை வைத்து அடுக்கும், அதனால் பெயர் வரிசை தானாகக் கிடைக்கும்.

மதிப்பின்படி அடுக்குவது எப்படி?

சார்ட்டட்(விற்பனை.ஐட்டம்ஸ்(), கீ=லாம்டா ஜோடி: ஜோடி[1])

இங்கே "கீ" என்ற சொல் குழப்பும். டிக்‌ஷனரியின் கீ வேறு, இந்தக் கீ வேறு. இது ஒரு ஃபங்ஷனை எதிர்பார்க்கிறது. லாம்டா என்பது அங்கேயே எழுதிவிடுகிற, பெயரில்லாத சின்ன ஃபங்ஷன். ஒவ்வொரு ஜோடியையும் அந்த ஃபங்ஷனிடம் காட்டி "இதை எதை வைத்து எடை போடட்டும்?" என்று சார்ட்டட் கேட்கிறது. நாம் ஜோடியின் இரண்டாவது உறுப்பைத் திருப்பிக் கொடுக்கிறோம். எடை போட மட்டும்தான் அந்த எண். வரிசையாக வருவது முழு ஜோடிதான். பூரி 37, பொங்கல் 64, தோசை 148, வடை 148, இட்லி 212 என்று வரும்.

லாம்டா பிடிக்காதவர்கள் ஆபரேட்டர் மாட்யூலிலிருந்து ஐட்டம்கெட்டரை எடுத்து, கீ=ஐட்டம்கெட்டர்(1) என்று எழுதலாம். நான் சின்ன வேலைக்கு லாம்டாவும், இரண்டு நிபந்தனைக்கு மேல் போனால் பெயர் வைத்த ஒரு தனி ஃபங்ஷனும் எழுதுவேன். லாம்டாவுக்குள் மூன்று வரி அளவுக்குக் கணக்கைத் திணித்தால் ஆறு மாதம் கழித்து நமக்கே புரியாது.

பெயர்கள் மட்டும், ஆனால் விற்பனை வரிசையில் வேண்டுமா? சார்ட்டட்(விற்பனை, கீ=விற்பனை.கெட்). டிக்‌ஷனரியின் கெட் என்பதே பெயரைக் கொடுத்தால் எண்ணைத் தருகிற ஃபங்ஷன்தானே, அதையே கீயாகக் கொடுத்துவிடுகிறோம். எனக்கு மிகவும் பிடித்த வரி இது.

பழைய புத்தகங்களில் லாம்டாவுக்குப் பின்னால் அடைப்புக்குறி போட்டு, அதற்குள் பெயர், எண்ணிக்கை என்று இரண்டையும் பிரித்து எழுதியிருப்பார்கள். அது பைத்தான் 2-ல் ஓடும், பைத்தான் 3-ல் சின்டாக்ஸ் எரர் வரும். ஜோடியை ஒரே பெயரில் வாங்கி 0, 1 என்று எடுக்க வேண்டியதுதான்.

கீயையும் மதிப்பையும் திருப்பிப் போட்டு அடுக்கினால் என்ன? எளிதாகத் தெரிகிறதே.

தயவுசெய்து வேண்டாம். எண்ணிக்கையைக் கீயாகவும் பெயரை மதிப்பாகவும் வைத்து ஒரு புது டிக்‌ஷனரி செய்து, அதைக் கீ வரிசையில் அடுக்குவது பலருக்கும் முதலில் தோன்றும் வழி. நம் மெஸ்ஸில் அதைச் செய்து பாருங்கள். 212-க்கு இட்லி. 148-க்கு முதலில் தோசை உட்காரும். பொங்கலுக்குப் பிறகு வடை வரும், அதற்கும் 148. ஒரு கீக்கு ஒரு மதிப்புதான். தோசை இருந்த இடத்தில் வடை உட்கார்ந்துவிடும்.

ஐந்து பண்டம் உள்ளே போனது, நான்குதான் வெளியே வந்தது. எரர் வராது, எச்சரிக்கையும் வராது. 148 தோசை விற்ற கணக்கு காணாமல் போயிருக்கும். ஐந்து வரியில் கண்ணுக்குத் தெரியும், ஐந்நூறு வரியில் யார் எண்ணிப் பார்ப்பார்கள்?

பெரியதிலிருந்து சிறியது வேண்டும். எண்ணிக்கை ஒன்றாக இருந்தால் பெயர் வரிசையும் வேண்டும்.

இறங்குவரிசை மட்டும் என்றால் ரிவர்ஸ்=ட்ரூ என்று சேர்த்தால் போதும். பெயர் வரிசையும் சேரும்போதுதான் தவறு நடக்கிறது. கீ ஃபங்ஷனில் எண்ணிக்கை, பெயர் இரண்டையும் டூப்பிளாகக் கொடுத்து ரிவர்ஸும் போட்டால், எண்ணிக்கையோடு பெயரும் தலைகீழாகும். தோசைக்கு முன்னால் வடை வந்து நிற்கும்.

எண்ணுக்கு முன் கழித்தல் குறி போடுவது ஒரு வழி: கீ=லாம்டா ஜோடி: (-ஜோடி[1], ஜோடி[0]). ரிவர்ஸ் தேவையில்லை. -212 எல்லாவற்றிலும் சிறியது, அதனால் இட்லி முதலில். -148 இரண்டு இருப்பதால் அடுத்து பெயரைப் பார்க்கும், தோசை முந்தும்.

ஆனால் ஸ்ட்ரிங்குக்கு, அதாவது எழுத்துத் தொடருக்கு, முன்னால் கழித்தல் குறி போட முடியாது. பெயர் இறங்குவரிசையில், எண் ஏறுவரிசையில் என்று வந்தால் இரண்டு முறை அடுக்குங்கள். இங்கே ஒன்று முக்கியம்: இரண்டாம்பட்ச நிபந்தனையை முதலில் அடுக்க வேண்டும். முதலில் பெயரின்படி ரிவர்ஸில் அடுக்குங்கள், வந்த லிஸ்ட்டை எண்ணின்படி அடுக்குங்கள். இரண்டாவது முறை அடுக்கும்போது முதல் வரிசை கலைந்துவிடாதா என்று எல்லோரும் கேட்பார்கள். கலையாது. சமமானவற்றை, அவை எந்த வரிசையில் உள்ளே வந்தனவோ அதே வரிசையில் விடுவதாகப் பைத்தான் உறுதி கொடுக்கிறது. ரிவர்ஸ்=ட்ரூ போட்டாலும் அந்த உறுதி மாறாது. சீட்டுக்கட்டை முதலில் எண்ணின்படி பிரித்து, அப்புறம் இனவாரியாகப் பிரித்தால் ஒவ்வொரு இனத்துக்குள்ளும் எண் வரிசை இருக்கும் அல்லவா, அதேதான்.

64 என்பது 212-க்கு மேலே வருகிறது. பைத்தானில் பிழையா?

இல்லை. உங்கள் எண்கள் எண்களே அல்ல, ஸ்ட்ரிங்குகள்.

தெரிந்தவர் ஒருவருக்காகச் சின்ன ஸ்கிரிப்ட் எழுதிக்கொடுத்தபோது நானே இதில் மாட்டினேன். பில் மெஷினிலிருந்து வந்த சிஎஸ்வி கோப்பைப் படித்து, அதிகம் விற்றது மேலே வருகிறபடி அச்சடித்தேன். பட்டியல் இப்படி வந்தது: பொங்கல் 64, பூரி 37, இட்லி 212, அப்புறம் தோசையும் வடையும். அவர் தலைப்பக்கம் மட்டும் பார்த்துவிட்டு, பொங்கல்தான் நன்றாகப் போகிறது என்று அரிசி, பருப்பைக் கூட்டி ஊற வைக்கச் சொல்லிவிட்டார். கரண்டி பிடிக்கிற அம்மாதான் "இட்லியை விடப் பொங்கலா?" என்று கேட்டு நிறுத்தினார்.

சிஎஸ்வி கோப்பைப் படித்தால் எல்லாமே ஸ்ட்ரிங்காகத்தான் வரும். ஸ்ட்ரிங்குகளை முதல் எழுத்திலிருந்து ஒப்பிடும்போது "6" என்பது "2"-ஐ விடப் பெரியது, அதற்குப் பின்னால் எத்தனை இலக்கம் இருக்கிறது என்பது கணக்கிலேயே வராது. படிக்கிற இடத்திலேயே இன்ட் போட்டு எண்ணாக்கிவிடுங்கள். கீ ஃபங்ஷனுக்குள் இன்ட் போட்டாலும் இந்த வரிசை சரியாகும், ஆனால் டிக்‌ஷனரிக்குள் இன்னும் ஸ்ட்ரிங்தான் கிடக்கும். கூட்டும்போது அடுத்த கேடு வரும்.

சில மதிப்புகள் நன் என்று இருக்கின்றன. அடுக்கும்போது டைப் எரர் வருகிறது.

நன் என்பது "மதிப்பே இல்லை" என்பதற்குப் பைத்தான் வைத்திருக்கும் சொல். இன்றைக்கு எண்ணாத பண்டத்துக்கு அதை வைத்திருப்பீர்கள். பைத்தான் 2 அதை எல்லா எண்ணையும் விடச் சிறியதாக எடுத்துக்கொண்டு ஓடியது. பைத்தான் 3 எண்ணையும் நன்னையும் ஒப்பிட மறுக்கிறது. நல்லதுதான், விற்காததும் எண்ணாததும் ஒன்றல்ல.

கீயில் இப்படி டூப்பிள் கொடுங்கள்: (ஜோடி[1] ஈஸ் நன், ஜோடி[1]). எண் இருந்தால் முதல் உறுப்பு ஃபால்ஸ், இல்லையென்றால் ட்ரூ. ஃபால்ஸ் முந்தும், அதனால் எண்ணாதவை எல்லாம் கடைசிக்குப் போய்விடும். இரண்டு நன் எதிரெதிரே வந்தாலும் எரர் வராது, ஏனென்றால் டூப்பிளை ஒப்பிடும்போது இரண்டும் சமமா என்றுதான் முதலில் பார்க்கிறது. சமமாக இருந்தால் எது சிறியது என்று கேட்பதே இல்லை.

அடுக்கியதைத் திரும்ப டிக்‌ஷனரியாக்கினால் வரிசை நிற்குமா?

நிற்கும். டிக்ட்(சார்ட்டட்(...)) என்று சுற்றினால் போதும். பைத்தான் 3.7 முதல் இது மொழியின் உறுதிமொழி. அந்தப் பதிப்பு 2018 ஜூனில் வந்தது. அதற்கு முந்தைய 3.6-லேயே வரிசை நின்றது, ஆனால் உள்ளமைப்பு மாறியதன் பக்கவிளைவாக நின்றது. நம்ப வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். அந்த உள்ளமைப்பைப் பைத்தானை உருவாக்குகிறவர்களில் ஒருவரான ரேமண்ட் ஹெட்டிங்கர் 2012 டிசம்பரிலேயே முன்மொழிந்தார். ஜோடிகளை வந்த வரிசையில் நெருக்கமாக ஒரு பட்டியலில் வைத்துவிட்டு, எது எங்கே இருக்கிறது என்று காட்டும் சின்ன எண்களை மட்டும் தனி அட்டவணையில் சிதறவிடுவது. நினைவகத்தை மிச்சப்படுத்தத்தான் அந்த யோசனை. வரிசை அதோடு சேர்ந்து வந்தது.

அதற்கு முன் ஆர்டர்ட்‌டிக்ட்தான் வழி. இன்றும் அதற்கு இரண்டு வேலை மீதி இருக்கிறது. ஒன்றை வால்பக்கம் நகர்த்த மூவ்_டு_எண்ட் உண்டு. அப்புறம், இரண்டு ஆர்டர்ட்‌டிக்ட் சமமா என்று கேட்டால் வரிசையையும் சேர்த்துப் பார்க்கும். சாதாரண டிக்‌ஷனரி பார்க்காது.

ஆனால் "வரிசை நிற்கும்" என்பதைத் தவறாகப் புரிந்துகொள்ளாதீர்கள். நிற்பது நுழைந்த வரிசை. அடுக்கி வைத்த டிக்‌ஷனரியில் மறுநாள் "கிச்சடி 90" என்று சேர்த்தால் அது கடைசியில்தான் போய் நிற்கும், 90-க்குரிய இடத்தில் அல்ல. ஏற்கெனவே இருக்கும் பூரியின் எண்ணிக்கையை 300 ஆக்கினாலும் அது இருந்த இடத்திலேயே இருக்கும். அதனால்தான் அடுக்கிய டிக்‌ஷனரியைப் பத்திரப்படுத்தி வைத்து நம்புவதை விட, காட்டுகிற நேரத்தில் ஒருமுறை அடுக்குவது நல்லது என்கிறேன். ஐந்நூறு வரியை அடுக்குவது கண் இமைக்கும் நேரம்கூட இல்லை.

சார்ட் போட்டேன், நன் வந்தது.

லிஸ்ட்டின் சார்ட் அந்த லிஸ்ட்டையே அடுக்கிவிட்டு ஒன்றும் திருப்பித் தராது. அதன் விடையை மாறியில் பிடித்தால் நன்தான் இருக்கும். சார்ட்டட் என்பது புது லிஸ்ட்டைத் திருப்பித் தரும்.

மதிப்பே இன்னொரு டிக்‌ஷனரியாக இருந்தால்?

இட்லிக்கு எண்ணிக்கை 212, விலை 10 என்று உள்ளே இன்னொரு டிக்‌ஷனரி வைத்திருக்கிறீர்கள் என்று கொள்வோம். கீ=லாம்டா ஜோடி: ஜோடி[1]["விலை"]. எடை போட எது வேண்டுமோ அதுவரை உள்ளே போய் எடுங்கள், அவ்வளவுதான். வசூலின்படி வேண்டுமா? அதே இடத்தில் எண்ணிக்கையையும் விலையையும் பெருக்கிக் கொடுங்கள். கீ ஃபங்ஷன் திருப்பித் தருவது டிக்‌ஷனரியில் ஏற்கெனவே இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. இது பலருக்குத் தோன்றுவதில்லை. வசூலைத் தனியாகக் கணக்கிட்டு, உள்ளே எழுதி வைத்து, அப்புறம் அடுக்குகிறார்கள்.

சில பண்டத்துக்கு விலை பதியவே இல்லை என்றால் சதுர அடைப்புக்குப் பதில் கெட்("விலை", 0) என்று எடுங்கள். 0 வைப்பது சரியா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். விலை தெரியாததை இலவசமாகக் கணக்கிடுவது பட்டியலின் அடியில் அழகாகத் தெரிந்தாலும் பொய்தான்.

முதல் மூன்று மட்டும் போதும். எல்லாவற்றையும் அடுக்க வேண்டுமா?

சிறிய டிக்‌ஷனரி என்றால் அடுக்கிவிட்டு முதல் மூன்றை வெட்டி எடுங்கள். இலட்சக்கணக்கில் இருந்தால் ஹீப்க்யூ மாட்யூலின் என்லார்ஜஸ்ட் இருக்கிறது. எத்தனை வேண்டும், எதிலிருந்து, எந்தக் கீ என்று கொடுத்தால் போதும். எண்ணுவதே வேலை என்றால் முதலிலேயே கவுண்டர் பயன்படுத்தியிருக்கலாம். அதில் மோஸ்ட்_காமன்(3) என்று கேட்டாலே ஜோடிகள் இறங்குவரிசையில் வந்துவிடும். பெரியது ஒன்றே ஒன்று என்றால் மேக்ஸ்(விற்பனை, கீ=விற்பனை.கெட்). அதற்கு அடுக்கவே தேவையில்லை.

எப்போதும் வரிசையாகவே இருக்கிற டிக்‌ஷனரி உண்டா?

பைத்தானோடு வருவதில் இல்லை. சார்ட்டட்‌கன்டெய்னர்ஸ் என்ற நூலகத்தை நிறுவினால் சார்ட்டட்‌டிக்ட் கிடைக்கும். கீ வரிசையில்தான் வைத்திருக்கும், மதிப்பு வரிசையில் அல்ல. நொடிக்கு நொடி சேர்ந்துகொண்டே இருக்கிற தரவில் "இந்தத் தேதிக்கும் அந்தத் தேதிக்கும் நடுவில் என்ன?" என்று அடிக்கடி கேட்பவர்களுக்கு அது வரம். மற்றவர்களுக்குத் தேவைப்படாது.

ஜேசனாக எழுதும்போது வரிசையாக எழுத முடியுமா?

ஜேசன் என்பது தரவை எழுத்தாக எழுதிப் பரிமாறும் வடிவம். அதை எழுதும் கட்டளையில் சார்ட்_கீஸ்=ட்ரூ என்று கொடுங்கள். உள்ளே இருக்கும் டிக்‌ஷனரிகளும் சேர்ந்து வரிசையாகும். நேற்றைய கோப்பையும் இன்றைய கோப்பையும் ஒப்பிட்டு என்ன மாறியது என்று பார்க்கிறவர்கள் இதைக் கட்டாயம் பயன்படுத்த வேண்டும். கீகளில் எண்ணும் ஸ்ட்ரிங்கும் கலந்திருந்தால் மட்டும் எரர் வரும்.

தரவை அழகாக அச்சடித்துக் காட்டும் பிபிரின்ட் வேறு மாதிரி: அது கேட்காமலேயே கீ வரிசையில் அடுக்கிக் காட்டும். நீங்கள் மதிப்பின்படி அடுக்கியதை அதில் அச்சடித்துப் பார்த்துவிட்டு "அடுக்கவே இல்லையே" என்று குழம்ப வேண்டாம். 3.8 முதல் சார்ட்_டிக்ட்ஸ்=ஃபால்ஸ் என்று சொல்லி நிறுத்தலாம்.

தமிழ்ச் சொற்கள் அகர வரிசையில் வருவதில்லை. ஏன்?

இந்தக் கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்ல ஆசை. நம் ஐந்து பண்டங்களைப் பெயரின்படி அடுக்கினால் இட்லி, தோசை, பூரி, பொங்கல், வடை என்று சரியாகத்தான் வருகிறது. அதனால் எல்லாம் சரி என்று நம்பிவிடுகிறோம். மெனுவை நீட்டுங்கள். அடை, அப்பம், அவல் உப்புமா, அன்னாசி கேசரி நான்கையும் சேர்த்து அடுக்கினால் அடை, அன்னாசி கேசரி, அப்பம், அவல் உப்புமா என்று வரும். பள்ளியில் படித்த வரிசைப்படி "ன" கடைசி எழுத்து, அன்னாசி கடைசியில் வர வேண்டும்.

பைத்தான் எழுத்தை ஒப்பிடவில்லை, கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒதுக்கியிருக்கும் யூனிகோட் எண்ணை ஒப்பிடுகிறது. யூனிகோடின் தமிழ்ப் பகுதி இந்திய எழுத்துகளுக்காக 1988-ல் வந்த இஸ்கி என்ற குறியீட்டு அமைப்பின் வழியில் வந்தது. இந்திய மொழிகள் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி இடம் ஒதுக்கியதால், நமக்கே உரிய எழுத்துகள் அவற்றுக்கு நெருக்கமான எழுத்தின் பக்கத்தில் உட்கார்ந்தன. "ன" போய் "ந"-வுக்குப் பக்கத்தில், "ற" போய் "ர"-வுக்குப் பக்கத்தில், "ள", "ழ" இரண்டும் "ல"-வுக்குப் பக்கத்தில். நம் வரிசையோ ய, ர, ல, வ, ழ, ள, ற, ன.

இன்னொரு சிக்கல் புள்ளி. அகராதியில் "க்" முந்தும், "க" பிந்தும். பக்கம் என்ற சொல்லுக்குப் பிறகுதான் பகல். யூனிகோடில் புள்ளிக்கான எண் எல்லா எழுத்துக்கும், காலுக்கும் கொம்புக்கும் பின்னால் இருக்கிறது. அதனால் பகல் முந்திவிடுகிறது.

தீர்வு கீ ஃபங்ஷன்தான். சொல்லை வாங்கி எண் ஜோடிகளின் லிஸ்ட்டைத் திருப்பித் தருகிற ஒரு ஃபங்ஷன் எழுதுங்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு ஜோடி: முதலாவது மெய்யின் இடம், க 1 முதல் ன 18 வரை. இரண்டாவது உயிரின் இடம்: புள்ளி இருந்தால் 0, அகரமேறியிருந்தால் 1, ஆகாரம் 2 என்று ஔகாரம் 12 வரை. தனி உயிர் வந்தால் முதல் இடத்தில் 0, ஆய்தத்துக்கு (0, 13). ஜ, ஷ, ஸ, ஹ போன்றவற்றை 19-லிருந்து தொடருங்கள். இப்போது பக்கம் என்பது (9,1), (1,0), (1,1), (10,0). பகல் என்பது (9,1), (1,1), (13,0). இரண்டாவது ஜோடியிலேயே முடிவு தெரிந்துவிடுகிறது: (1,0) சிறியது, பக்கம் முந்துகிறது. அன்னாசியின் இரண்டாவது ஜோடி (18,0), அவலுக்கு (14,1). அவல் முந்துகிறது. நம் அகர வரிசை எவ்வளவு கச்சிதமான அட்டவணை என்பதை இந்த ஃபங்ஷனை எழுதும்போதுதான் நான் உணர்ந்தேன்.

எழுத நேரமில்லாதவர்கள் ஐசியு நூலகத்தின் தமிழ் வரிசையைப் பைஐசியு வழியாக எடுத்துக்கொள்ளலாம். தமிழ்ச் சொல்லை எழுத்து எழுத்தாகப் பிரிக்கும் வேலைக்கு ஓபன்-தமிழ் நூலகம் இருக்கிறது.

ஒரே சொல் டிக்‌ஷனரியில் இரண்டு முறை வருகிறது. பார்க்க ஒன்றாகத்தான் இருக்கின்றன.

"பொங்கல்" என்பதில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ஒரே குறியாக எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாகச் சேர்த்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. பைத்தானுக்கு இரண்டும் வெவ்வேறு கீ. ஒரு கோப்பு ஒரு விசைப்பலகையிலும் இன்னொன்று வேறொன்றிலும் தட்டப்பட்டிருந்தால் பொங்கல் 40, பொங்கல் 24 என்று பிரிந்து நிற்கும். அடுக்கினாலும் பக்கத்துப் பக்கத்தில் வரும் என்று சொல்ல முடியாது. டிக்‌ஷனரிக்குள் போடுவதற்கு முன்பே யூனிகோட்‌டேட்டா மாட்யூலின் நார்மலைஸ் ஃபங்ஷனில் என்எஃப்சி என்ற வடிவத்தைக் கேட்டு மாற்றிவிடுங்கள்.

ஔகாரத்தில் மட்டும் கவனம். ஒற்றைக்கொம்புக்குப் பின்னால் "ள" எழுத்தையே தட்டிவிடுகிறவர்கள் உண்டு. அதை நார்மலைஸ் திருத்தாது.

வேகம் எப்படி? கீ ஃபங்ஷன் ஒவ்வொரு ஒப்பீட்டுக்கும் ஓடுமா?

ஓடாது. ஒரு ஜோடிக்கு ஒரே ஒரு முறைதான் ஓடும். வந்த விடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதை வைத்தே ஒப்பிடும். மேலே சொன்ன தமிழ் ஃபங்ஷன் சற்று கனமாக இருந்தாலும் கவலையில்லை என்பது இதனால்தான். பழைய பைத்தானில் இரண்டு உறுப்பையும் வாங்கி ஒப்பிடுகிற சிஎம்பி இருந்தது, அது ஒவ்வொரு ஒப்பீட்டுக்கும் ஓடும். 2004-ல் வந்த 2.4 பதிப்பு சார்ட்டட்டையும் கீயையும் கொண்டுவந்தது, பைத்தான் 3-ல் சிஎம்பியை எடுத்தேவிட்டார்கள்.

அடுக்குகிற முறைக்கு டிம்சார்ட் என்று பெயர், 2002-ல் டிம் பீட்டர்ஸ் எழுதியது. ஏற்கெனவே வரிசையாக இருக்கும் துண்டுகளைக் கண்டுபிடித்து அவற்றை இணைத்துக்கொண்டு போகும். பாதி வரிசையான தரவு என்றால் அதற்குப் பெரிய லாபம். பின்னர் ஜாவாவும் இதை எடுத்துக்கொண்டது.

பெர்ல், பிஎச்பி, ஜாவாஸ்கிரிப்ட்டில் எப்படி?

பெர்லில் டிக்‌ஷனரிக்கு ஹேஷ் என்று பெயர், அதற்கு வரிசையே கிடையாது, ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் மாறலாம். கீகளை எடுத்து, மதிப்புகளை ஒப்பிட்டு சார்ட் செய்ய வேண்டும். எண்ணுக்கு ஒரு குறி, ஸ்ட்ரிங்குக்கு சிஎம்பி என்று ஒப்பிடும் குறியே வேறு. மாற்றிப் போட்டால் 64 மேலே வரும் அதே கதை. பைத்தானின் கீ செய்கிற வேலையைப் பெர்லில் ராண்டல் ஷ்வார்ட்ஸ் 1994-ல் காட்டினார், அவர் பெயரிலேயே அது வழங்குகிறது: எடையைப் பக்கத்தில் ஒட்டு, அடுக்கு, ஒட்டியதைப் பிரித்துவிடு.

பிஎச்பியில் கட்டளையே இருக்கிறது. மதிப்பின்படி ஏசார்ட், கீயின்படி கேசார்ட், இறங்குவரிசைக்கு ஏஆர்சார்ட், கேஆர்சார்ட். வெறும் சார்ட் மட்டும் போட்டுவிடாதீர்கள். அது கீகளைத் தூக்கி எறிந்துவிட்டு 0, 1, 2 என்று எண் போட்டுவிடும், இட்லி என்ற பெயரே இருக்காது.

ஜாவாஸ்கிரிப்ட்டில் ஆப்ஜெக்ட்.என்ட்ரீஸ் ஜோடிகளைத் தரும், அதைச் சார்ட் செய்யலாம். அடுக்கியதைத் திரும்ப ஆப்ஜெக்ட்டாக்கும்போது கீகள் முழு எண் போல இருந்தால் (டோக்கன் எண், பதிவு எண்) நீங்கள் அடுக்கியது போய், எண் ஏறுவரிசையில் வந்துவிடும். மேப் பயன்படுத்தினால் நுழைந்த வரிசை நிற்கும்.